வெளியில் நிற்க ஒருவர்

அறையில் ஆறு பேர் இருந்தோம். மேசைக்கு அப்பால் நடுவில் ஒரு பெண் மேஜர், அவருக்கு ஒரு பக்கம் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர், மறுபக்கம் அகன்ற தோள்களும் நரைத்த புருவங்களும் கொண்ட ஒரு மாவோரி சார்ஜன்ட். மேசைக்கு இப்பால் நான், அம்மா, பத்து வயதுத் தங்கச்சி. இல்லாதவர் அப்பா. அவருக்கென்று போட்டிருந்த கதிரை எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் வெறுமையாகக் கிடந்தது. இரும்புக் கால்கள், பச்சைத் துணி போட்ட இருக்கை, ஒரு மூலையில் துணி விட்டுப்போய் உள்ளிருந்து மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்த்தது. அம்மா தன் கைப்பையை அதன்மேல் வைக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, எடுத்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். ஓர் ஆளுக்குரிய இடத்தில் பொருளை வைக்கக்கூடாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மேஜர் தன் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கதிரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஓக்லாந்தில் ஆறாம் ஃபோம், பள்ளியின் கடைசிக்கு முந்திய வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். நாட்டின் இராணுவக் கல்லூரி ஒன்று கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களுக்காக ஒரு பாசறை நடத்திவந்தது. வரைபடம் பிடித்து மலை கடப்பது, ஆற்றுக்குக் குறுக்கே கயிற்றுப் பாலம் கட்டுவது, காயப்பட்டவனைத் தூக்குவது, ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவது, இவைதான் பாடங்கள். நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் விண்ணப்பிப்பார்கள். ஒரு வகுப்பறை கொள்ளுமளவுக்குத்தான் எடுப்பார்கள். அங்கே நன்றாகச் செய்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க உதவித்தொகை கிடைக்கும் வழி ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்து எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அது கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் பென்ரோஸில் அப்பா வேலை செய்த கூல்ஸ்டோரில், அவருக்குப் பக்கத்தில் நின்று உறைந்த மீன்பெட்டிகளை அடுக்குவேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்து படித்தவன் நான்தான் முதல் ஆள். மன்னாரில் அப்பா கடற்றொழில் செய்தவர். காற்றின் வாசம் பிடித்து வலை இறக்குவார். தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. நான் எழுத்துப் படித்தது தமிழ்நாட்டில் அகதி முகாமில், மரத்தடியில் நடந்த வகுப்பில். அங்கிருந்து ஓக்லாந்துக்கு வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்த கடிதம், தெருவில் நின்ற பலகை, மருந்துப் போத்தல், பஸ்ஸின் நெற்றி எல்லாவற்றையும் நான்தான் வாசித்தேன். ஒனஹங்காவில் நாங்கள் இருந்த அரசாங்க வீட்டுக்கு ரென்ட் கூடிய கடிதத்தை வாசித்துச் சொன்னவனும் நான்தான். "என்னவாம்?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார் அப்பா. தாளைப் பார்க்கவே மாட்டார்.

ஆனால் பாசறைக் கடிதத்தை நான் வாசித்தபோது என் வாயைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுரை எழுதி, ஓட்டச் சோதனையில் தேறி, கடைசிச் சுற்றான நேர்முகத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தாயும் தகப்பனும் நேரில் வந்து தங்கள் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. இடம், நகரின் தெற்கே ஓர் இராணுவ முகாம்.

"காம்புக்கோ?" என்று கேட்டார் அப்பா.

"ஓம் அப்பா. காம்புக்கு உள்ளதான்."

அவர் எழுந்துபோய்ப் புழக்கடைக் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். சாப்பிட்டிருக்கவில்லை, கை சுத்தமாகத்தான் இருந்தது.

செய்தி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னமே தேவாலயத்துக்குப் போய்விட்டது. எங்கள் ஆட்களுக்குள் எதுவும் ஒளிந்திருக்காது. பூசை முடிந்து வெளியே தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கணக்காளராக இருந்த ஒருவர் அப்பாவின் தோளில் தட்டிச் சொன்னார்: "என்ன அண்ணை, அங்க ஆமிக்குப் பயந்து கடலால ஓடி வந்தியள். இஞ்ச வந்து ஆமிக்குப் பிள்ளைய நேர்ந்து விடப் போறியளாம்?" சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மா மட்டும் விடவில்லை. "ஓம் தம்பி, நேர்த்திதான். உங்கட பிள்ளையப் படிப்பிக்க நீங்கள் இருக்கிறியள். எங்கட பிள்ளையப் படிப்பிக்க ஆர் இருக்கினம்?" என்றார். வீடு வந்து சேரும்வரை காரில் அப்பாவின் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. படலையடியில் காரை நிறுத்திவிட்டு, திறப்பை எடுக்காமல் இருந்தபடியே, "சனிக்கிழமை எத்தனை மணிக்குப் போக வேணும்?" என்று கேட்டார். ஏன் ஒத்துக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால், போகத்தானே வேணும் என்றிருப்பார்.

அந்தச் சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. அப்பா பெருநாளுக்குப் போடும் நீளக்கைச் சேர்ட்டைப் போட்டிருந்தார். எங்கள் எல்லோருடைய பாஸ்போட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி றப்பர் வளையம் போட்டு நெஞ்சுப் பைக்குள் வைத்திருந்தார். மோட்டர்வேயிலிருந்து இறங்கி, குதிரைகள் மேய்ந்த புல்வெளிகளைத் தாண்டி, ஒரு நேர்த் தெருவில் திரும்பியதும் தூரத்தில் முகாமின் வாசல் தெரிந்தது. குறுக்கே ஒரு தடைக்கட்டை, பக்கத்தில் சிறு கூண்டு, அதற்குள் ஒரு சீருடை. அதைக் கண்ட இடத்தில் அப்பாவின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. காரை ஓரத்துக்கு எடுத்து, மரப்பலகை விற்கும் ஒரு மரக்காலையின் பூட்டிக்கிடந்த வாசலோடு நிறுத்தினார்.

"இறங்குங்கோ" என்றார்.

"இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு அப்பா. கிட்டப் போகலாம்" என்றேன்.

"சென்றிக்குக் கிட்டக் கார் கொண்டு போறதோ? விசர்க் கதை கதையாத. இறங்கு."

நாங்கள் நடந்தோம். முன்னால் அப்பா, பின்னால் அம்மாவும் தங்கச்சியும், கடைசியாக நான். ஊரில் ஆமியின் காவலரணான சென்றியைக் கண்டால் சைக்கிளில் போகிறவன் இறங்கி உருட்டிக்கொண்டு போவான். பஸ்ஸில் வந்தவன் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்துபோய் அப்பால் ஏறுவான். தொப்பி இருந்தால் கழற்ற வேண்டும். வாசலை நெருங்கும்போது அப்பா திரும்பி அம்மாவிடம், "குடையை மடக்கு" என்றார். அம்மா மறுபேச்சில்லாமல் மடக்கினார். தங்கச்சி மட்டும், "Dad, it's raining" என்று சிணுங்கினாள். அவளுக்கு ஊர் நினைவு கிடையாது. நாங்கள் நாலு பேரும் நனைந்துகொண்டு, ஒருவர் பின் ஒருவராக, கைகளை வெளியே வைத்துக்கொண்டு போய் நின்றதைக் கண்டு கூண்டுக்குள் இருந்த இளம் சிப்பாய் எழுந்து வெளியே வந்துவிட்டான். அப்பா பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் நீட்டினார். அவன் அதை வாங்கவில்லை. என் பெயரை மட்டும் கேட்டு, தாளில் பார்த்து, கட்டையைத் தூக்கினான். காரை உள்ளேயே கொண்டுவந்திருக்கலாமே, தரிப்பிடம் நிறைய இருக்கிறதே என்றான்.

தங்கச்சி சொன்னாள்: "கார் உள்ள விடலாமாம்."

"அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார் அப்பா.

கட்டை உயர்ந்து நின்றது. அம்மா கடந்தார், தங்கச்சி கடந்தாள், நான் கடந்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா அப்பாலேயே நிற்கிறார்.

"வாங்கோவன்" என்றார் அம்மா.

"நீங்கள் போங்கோ. எல்லாரும் உள்ள போகக்கூடாது. ஒராள் வெளியில நிக்க வேணும்."

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாதாடவில்லை. கைப்பைக்குள் கையை விட்டுச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தார். இந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் அதற்கு முன்பும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, விசா அலுவலுக்குக் கந்தோருக்குப் போனாலும் சரி, அப்பா வாசலுக்கு வெளியே நிற்பார். கூச்சம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கிலீஷ் தெரியாதவரின் கூச்சம்.

இப்படித்தான் அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. மேஜர் பொறுமையானவர். என்னிடம் வேறு கேள்விகளை முதலில் கேட்டார். ஏன் வர விரும்புகிறாய் என்று அதிபர் கேட்டார். உதவித்தொகையைப் பற்றித் தயார்பண்ணி வைத்திருந்ததை முதலில் சொன்னேன். பிறகு, தயார்பண்ணாத ஒன்று தானாக வந்தது: எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இப்படி ஒரு வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்தவர்கள் இல்லை, எனக்கு அறிய வேண்டும் என்றேன். சார்ஜன்ட் அப்போதுதான் முதல்தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். கடைசியில் மேஜர் பேனையை வைத்துவிட்டு, தகப்பனின் சம்மதம் இல்லாமல் தங்களால் மேலே போக முடியாது, வருந்துகிறேன், அவர் வேலையில் இருக்கிறாரா என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி இங்கிலீஷில் சொல்லிவிட்டாள்: "அவர் வாசலில் நிற்கிறார். எங்கள் எல்லோரையும் நீங்கள் வைத்துக்கொண்டால் பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சார்ஜன்ட் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "வா, போய்க் கூட்டி வருவோம்" என்றார் என்னிடம்.

அப்பா கட்டைக்கு வெளியே, விட்ட இடத்திலேயே நின்றார். குடை அம்மாவோடு உள்ளே போய்விட்டதால் தலை நனைந்திருந்தது. கூண்டு ஓரத்தில் ஒதுங்கச் சொல்லிச் சிப்பாய் கூப்பிட்டிருக்கிறான், இவர் போகவில்லை. சார்ஜன்ட் வருவதைக் கண்டதும் கைகள் இரண்டும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, உள்ளங்கை தெரியத் திரும்பின. அவர் அறிந்து செய்ததாகத் தெரியவில்லை. சார்ஜன்ட் அதைப் பார்த்துவிட்டு நடையை மெதுவாக்கினார். கட்டைக்குக் கீழால் குனிந்து வெளியே வந்து, அப்பாவுக்கு எதிரில் நிற்காமல், பக்கத்தில் போய், தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டார். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல இருந்தார்கள்.

"ஏன் வர மாட்டார் என்று கேள்" என்றார்.

நான் கேட்டேன். அப்பா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"உன்ர சித்தப்பா மீன்பெட்டி கட்டின சைக்கிளோட போகேக்க ஆமிக்காரங்கள் பிடிச்சவங்கள். உனக்கு அது தெரியும். மற்றது தெரியாது. அடுத்த நாள் நானும் என்ர ஐயா, உன்ர அப்பப்பாவும் காம்புக்குப் போனம். இரண்டு பேரையும் உள்ள வரச் சொன்னாங்கள். போனம். வாங்கில இருத்தினாங்கள். தண்ணிகூடத் தந்தாங்கள். பின்னேரம் வரைக்கும் இருந்தம். பிறகு, அப்பிடி ஒரு ஆள் இஞ்ச இல்லை, வீட்ட போங்கோ எண்டாங்கள். வெளியில வந்தா, ரோட்டில கடலை விக்கிற மனிசி சொல்லுறா, இப்பத்தான் ஒரு லொறி பெடியளை ஏத்திக்கொண்டு போகுது எண்டு. எந்தப் பக்கம் எண்டு கேட்டம். அவ கடலை சுத்திக்கொண்டிருந்தவவாம், பாக்கேல்லையாம். நாங்கள் இரண்டு பேரும் உள்ள போனதுதான் பிழை. ஒராள் வெளியில நிண்டிருந்தா எந்தப் பக்கம் போனதெண்டாவது தெரிஞ்சிருக்கும். அப்பப்பா சாகும்வரைக்கும் அதையேதான் சொன்னவர். எந்தப் பக்கம் எண்டாவது தெரிஞ்சிருந்தா தேடியிருக்கலாம்."

இதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. கடலை விற்கும் மனிசிக்கு எனக்கு வார்த்தை வரவில்லை. தெருவோரத்தில் ஒரு பெண் என்று சொன்னேன். சித்தப்பாவை மாமா, சித்தப்பா எல்லோருக்கும் பொதுவான அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையில் சொன்னது போதாமல் இருக்க, "என் தகப்பனின் தம்பி" என்று திருத்தினேன். சார்ஜன்ட் தெருவைப் பார்த்தபடியே கேட்டார்.

"வாசலில் இவன் நிற்கிறானே" என்று சிப்பாயைக் காட்டினார்.

"அவன் சென்றி" என்றார் அப்பா. "நேரம் முடிய மாறிப் போவான். அவன் கணக்கில்லை."

"அப்படியென்றால் நான் நிற்கிறேன் என்று சொல். உன் தகப்பன் உள்ளே போகட்டும். நீங்கள் நாலு பேரும் வெளியே வரும்வரை நான் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்."

நான் சொன்னேன். அப்பா அவரை முதல்தடவையாக முழுதாகப் பார்த்தார். சப்பாத்திலிருந்து ஏறிய கண், நெஞ்சில் வந்து நின்றது.

"அவற்ற நெஞ்சில என்ன எழுதிக் கிடக்கு?"

"அவற்ற பேர் அப்பா."

"ஆற்ற பேர்?"

"அவற்ற சொந்தப் பேர்தான்."

"வாசி."

நான் வாசித்தேன். அப்பா அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மாவோரிப் பெயர், உயிரெழுத்துகள் நிறைந்தது. எங்கள் வாய்க்கு இங்கிலீஷ்ப் பெயர்களைவிட இலகுவாக வந்தது. "பேரை எல்லாருக்கும் தெரியப் போட்டுக்கொண்டு திரியிறாரோ" என்றார், என்னிடம் என்று இல்லாமல். ஊரில் சுற்றிவளைப்புக்கு வருகிற ஆமிக்காரரின் சட்டையில் பெயர் இருந்ததில்லை. பிறகு நெஞ்சுப் பையிலிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து, எங்கள் நாலு பேருடைய பாஸ்போட்டுகளையும் அந்தப் பெயரை நம்பி, சார்ஜன்டின் கையில் கொடுத்தார். அவரும் வாங்கித் தன் நெஞ்சுப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். அப்பா குனிந்து கட்டையைக் கடந்தார்.

அறைக்குள் வந்து அந்தப் பச்சைக் கதிரையின் விளிம்பில் இருந்தார். முதுகைச் சாய்க்கவில்லை. யன்னலால் வாசல் தெரிகிறதா என்று பார்த்தார், தெரிந்தது. சார்ஜன்ட் தூறலில், கட்டைக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சம்மதத்தை நானே மொழிபெயர்க்கக் கூடாது என்று மேஜர் சொன்னதால் தங்கச்சிதான் பேசினாள். பிள்ளை பாசறைக்கு வர உங்களுக்குச் சம்மதமா என்று மேஜர் கேட்டார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். தான் படிக்கவில்லை என்பதையும், தன் தம்பிக்குக் கணக்கு நன்றாக வந்தும் படிக்க வைக்க முடியாமல் போனதையும், மீன்பெட்டி தூக்கி என்னுடைய முதுகும் போகக்கூடாது என்பதையும், எந்த நாட்டு ஆமியையும் தான் நம்புகிறவர் இல்லை என்பதையும், வெளியில் நிற்கிற மனுசனின் பெயரைத் தான் பாடமாக்கிக்கொண்டதையும் சொன்னார். பிறகு, "உள்ள போற பிள்ளைய, நாள் முடிய, இதே வாசலில திருப்பித் தருவினமோ எண்டு கேள்" என்று முடித்தார்.

தங்கச்சி மேஜரைப் பார்த்து, "சரியாம். ஆனால் திருப்பித் தரவேண்டுமாம்" என்றாள்.

"நான் இவ்வளவு சொன்னன். நீ இதுக்குள்ள முடிச்சிட்டியோ?" என்றார் அப்பா.

"அதுதானே அப்பா மெயின்" என்றாள் அவள்.

மேஜர் தாளில் ஒன்றும் குறிக்கவில்லை. இரு கைகளையும் மேசையில் வைத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து, மெதுவாக, அவருக்கே விளங்கக்கூடிய இங்கிலீஷில் சொன்னார்: "ஆம். இதே வாசலில்." அப்பா தலையசைத்தார். எழுந்தார். அவ்வளவுதான்.

என்னை எடுத்தார்கள். பாசறைக்குப் போனேன். கயிற்றுப் பாலம் கட்டினேன். ஆற்றில் விழுந்து எழும்பினேன். வாசலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சமையற்கட்டு, சப்பாத்து மெழுகு வாசம், வீட்டை நினைத்து அழும் பதினேழு வயதுப் பிள்ளைகள். இராணுவத்தில் நான் சேரவில்லை. உதவித்தொகை கிடைத்தது, பாலங்கள் கட்டும் வேலைக்குப் படித்தேன். பாசறை முடிந்து பஸ் அதே வாசலுக்கு வந்தபோது, கட்டைக்கு வெளியே அப்பா நின்றார். என் தலையைத் தொடவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் இறங்கிய பிறகுதான், "போவம்" என்றார்.

இப்போது நான் அந்த முகாமுக்குப் பக்கத்திலுள்ள தகனினியில் இருக்கிறேன். அன்று குதிரைகள் மேய்ந்த புல்வெளிகளில் வீடுகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றின் மோர்கேஜ் கடனைத்தான் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். வேலைக்கு மோட்டர்வேயில் ஏறும்போது அந்தத் தெருவின் முனையைக் கடக்கிறேன். அப்பா போன வருடம் இறந்துபோனார். இதயத்தில் சத்திரசிகிச்சை. தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது அம்மாவும் தங்கச்சியும் உள்ளே ஆயத்த அறைவரைக்கும் போனார்கள். நான் வெளிக்கதவடியில் நின்றேன். அப்பா படுத்தபடி தலையைத் திருப்பி நான் நிற்கிறேனா என்று பார்த்தார். தாதி ஒருத்தி, நேரம் எடுக்கும் என்று சொல்லி ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தாள். நல்ல கதிரை, கிழியாதது. நான் இருக்கவில்லை. அந்தக் கதவால் அவரைத் திருப்பித் தர அவர்களால் முடியவில்லை. ஆனால் எந்தக் கதவால், எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று பார்க்க நான் நின்றேன்.

அந்தச் சனிக்கிழமையில் இன்னும் கொஞ்சம் மீதம் இருக்கிறது. நேர்முகம் முடிந்து நாங்கள் நாலு பேரும் வாசலுக்கு வந்தோம். சார்ஜன்ட் சொன்ன இடத்திலேயே நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பாஸ்போட்டுகளை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அவர் றப்பரைக் கழற்றி நாலும் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி கட்டினார். பிறகு சார்ஜன்ட் என்னிடம் கேட்டார்: "தெருவில் ஒரு பழைய வெள்ளைக் கார் நின்றதே, அது உங்களுடையதா?"

மரக்காலை வாசல் வெறுமையாக இருந்தது. வாசலை மறித்து நிறுத்தினால் இழுத்துச் செல்லப்படும் என்று ஆளுயரத்தில் பலகை போட்டிருந்தார்கள். ஊரெல்லாம் பலகை வாசிக்கும் நான் அன்று அதை மட்டும் வாசிக்கவில்லை.

"லொறி வந்து தூக்கும்போது கண்டேன்" என்றார் சார்ஜன்ட். "ஓடிப்போய் மறித்திருப்பேன். ஆனால் அசைய மாட்டேன் என்று உன் தகப்பனிடம் சொல்லிவிட்டேனே."

நான் அப்பாவிடம் சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். காருக்காக அப்பா எத்தனை சனிக்கிழமை ஓவர்டைம் செய்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் கோபப்படவில்லை. சார்ஜன்டை நேராகப் பார்த்து, எனக்காகக் காத்திராமல், தமிழிலேயே கேட்டார்:

"லொறி எந்தப் பக்கம் போனது?"

கேள்வியை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சார்ஜன்ட் கையை நீட்டி வடக்கே, மோட்டர்வேப் பக்கம் காட்டினார். பிறகு மற்றக் கையை விரித்துக் காட்டினார். லொறி வாசலடியில் வந்து திரும்பும்போது அதன் கதவில் வாசித்த பெயரையும் ரெலிபோன் இலக்கத்தையும் உள்ளங்கையில் எழுதி, மழை படாமல் பொத்தி வைத்திருந்தார். அப்பா அவர் காட்டிய திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே வெறும் தெருதான் இருந்தது. நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்த விரித்த கையைத் தன் இரு கைகளாலும் பிடித்தார். எழுத்து அழிந்துவிடும் என்று நான் பயந்தேன். சார்ஜன்ட் கையை இழுக்கவில்லை.

இராணுவ வான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் சொன்னதற்கு, "ஐயோ, ஆமி வாகனம் வேண்டாம்" என்று அம்மா அவசரமாகச் சொல்ல, அதற்குத் தங்கச்சி வாய்விட்டுச் சிரிக்க, நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். கார் பென்ரோஸில், அப்பாவின் கூல்ஸ்டோரிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கம்பிவேலி போட்ட ஒரு வளவுக்குள் நின்றது. வேலிக்கு வெளியே நின்று அதைக் கண்டதும் அப்பா, "நிக்குது" என்றார். அந்த ஒரு சொல்தான். பிறகு என்னை உள்ளே போய்ப் பணம் கட்டச் சொல்லிவிட்டு, வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

அந்தப் பச்சைக் கதிரையில் அப்பா ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட இருந்திருக்க மாட்டார். அதற்கு எங்களுக்கு முடிந்த செலவு, கார் மீட்ட காசும் நாலு பேருடைய பஸ் காசும் சேர்த்து, நூற்று நாற்பத்தொரு டொலர்.